அந்த விஎஸ் பாட்டிலை என்ன செய்யலாம்?

கேள்வி இது: "டியூட்டி ஃப்ரீயில் ஒரு லிட்டர் ஹெனசி விஎஸ் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். ராவாகக் குடித்தால் தொண்டையைச் சுடுகிறது. காசு கொடுத்து வாங்கியதில் கோக்கை ஊற்றவும் மனசு வரவில்லை. இதை எப்படி ருசி பார்ப்பது? காக்டெயிலுக்கு ஆகுமா? இன்னும் கொஞ்சம் போட்டு விஎஸ்ஓபி வாங்கியிருக்க வேண்டுமோ?"

பாரிஸில் பார் கவுண்டருக்குப் பின்னால் 12 வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பாட்டிலில் குறை ஒன்றும் இல்லை. ஹெனசி விஎஸ் ஓர் இளம் கொன்யாக், அதாவது பிரான்ஸின் கொன்யாக் பக்கம் திராட்சையில் வடிக்கிற பிராந்தி. மாங்காயைக் கடித்துவிட்டு "இது ஏன் பழம் மாதிரி இனிக்கவில்லை" என்று கேட்கிற கதைதான் நடந்திருக்கிறது. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டும். இளம் கொன்யாக்குக்குத் தண்ணீரோ, புளிப்போ, குளிரோ வேண்டும். எது எவ்வளவு என்பதுதான் விஷயம்.

முதலில் வயசு. லேபிளில் விஎஸ் என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருக்கிற சரக்குகளில் ஆக இளையது ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருஷம் இருந்திருக்க வேண்டும். விஎஸ்ஓபி என்றால் 4 வருஷம். எக்ஸ்ஓ-வுக்கு முன்பு 6 வருஷம் போதும். 2018 ஏப்ரலிலிருந்து 10 ஆக்கிவிட்டார்கள். கவனியுங்கள், இது கலவையின் சராசரி வயசு இல்லை, கடைக்குட்டியின் வயசு. கூடவே அண்ணன்மாரும் இருக்கலாம். இந்த வயசுக் கணக்கு அறுவடைக்கு அடுத்த ஏப்ரல் 1-ல்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் மார்ச் 31-க்குள் வடித்து முடித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

கொன்யாக் என்பது ஊர்ப் பெயர். போர்தோவுக்கு வடக்கே, ஷரான்ட் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். முதல் தடவை போனபோது பழைய கிடங்குகளின் சுவரெல்லாம் கரி அப்பியதுபோல் கறுத்துக் கிடப்பதைப் பார்த்து, என்றோ தீப்பிடித்து எரிந்த தெரு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பீப்பாயிலிருந்து ஆவியாகிற சாராயத்தைத் தின்று வளர்கிற பூஞ்சையாம் அது. அந்த ஆவிக்கு அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். வருஷத்துக்கு 2 சதவீதம்போலக் காற்றில் போய்விடும். பழைய கொன்யாக் ஏன் யானை விலை விற்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் அந்தச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

அங்கே தோட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாமே உனி ப்ளான் என்ற வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து கிடைக்கிற வைன் புளிக்கும், மெலிந்திருக்கும், சாராயம் 9 சதவீதம்போல. சாப்பாட்டோடு குடிக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் வடிப்பதற்கு அதைவிடத் தோதானது கிடையாது. செம்புக் கொப்பரையில் இரண்டு தடவை வடிப்பார்கள். முதல் வடியில் 30 சதவீதம்போல வரும், இரண்டாவதில் 70-ஐத் தொடும். முன்னால் வருகிற நெடியையும் பின்னால் வருகிற கழிவையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 9 லிட்டர் வைன் செலவாகும். பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததுதான் உங்கள் பாட்டிலில் இருப்பது.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நம்மூரில் பிராந்தி என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸ் சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. அதில் பழகிய நாக்கு கொன்யாக்கிலும் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு இனிப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் ஏமாந்துபோகும். விஎஸ்ஸில் தேட வேண்டியது திராட்சையை. 2 வருஷத்தில் ஓக் அதை முழுசாக மூடியிருக்காது. பழைய எக்ஸ்ஓ-வில் திராட்சை எங்கோ அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே காளான், வால்நட், பழைய தோல்பை வாசனைகள்தான் நிற்கும். திராட்சை மேலாக நிற்பது இளசில்தான்.

நிறத்தைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கொஞ்சம் சர்க்கரைப் பாகும், ஓக் சீவலை வேகவைத்து எடுத்த சாறும்கூடச் சேர்க்கலாம். தப்பு என்று சொல்ல மாட்டேன், பெரிய வீடுகள், அதாவது பெரிய கொன்யாக் கம்பெனிகள், எல்லாம் செய்வதுதான். ஆனால் கறுப்பாக இருந்தால் பழசு என்கிற கணக்கு உதவாது.

இனி ருசி பார்ப்பது.

பெரிய பலூன் கிளாஸை உள்ளங்கையில் ஏந்திச் சுழற்றுவது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். கைச்சூடு பட்டதும் முதலில் எழுந்து மூக்கில் அறைவது சாராய நெடிதான். கொன்யாக்காரர்களே இதைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது. டியூலிப் பூ மாதிரி, வாய் சற்றுக் குறுகிய சின்ன கிளாஸ்தான் அவர்கள் கையில் இருக்கும். வீட்டில் சின்ன வைன் கிளாஸ் போதும். கழுவிய சோப்பு வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். எனக்கு இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு: வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வாடிக்கையாளருக்கு நான் ஊற்றிக் கொடுத்ததில் எலுமிச்சை மணம் அபாரம் என்று பாராட்டினார். பாத்திர சோப்பின் எலுமிச்சை அது. எங்கள் மூத்த பார்மேன் ஒன்றும் சொல்லாமல் 40 கிளாஸையும் திரும்ப அலசவைத்தார்.

சென்னையில் இன்னொரு சிக்கல், சூடு. 34 டிகிரி அறையில் எந்தச் சாராயமும் எரியத்தான் செய்யும். பாட்டிலைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். உறையும் அளவுக்குக் குளிர வேண்டாம், தொட்டால் சில்லென்று இருந்தால் சரி. பிறகு ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி ஊற்றி, ஐந்து பத்து நிமிஷம் தொடாமல் விடுங்கள். முதல் நெடி அடங்கட்டும்.

மூக்கை உள்ளே விட வேண்டாம். கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மூச்சிழுங்கள். அங்கேயே முதல் மணம் வந்துவிடும்: பேரிக்காய், பச்சை ஆப்பிள், ஏதோ ஒரு வெள்ளைப் பூ. அப்புறம் மெல்ல மூக்குக்கு அருகே கொண்டுவாருங்கள். ஓக்கிலிருந்து வருகிற வனிலா தெரியும், கூடவே ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் பாதாம். இவையெல்லாம் தெரியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்கு முதல் ஆறு மாசம் 'சரக்கு வாசனை' ஒன்றுதான் தெரிந்தது.

முதல் மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது நாக்குக்கு அறிமுகம், அவ்வளவுதான். மிகச் சின்னதாக எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். ஒரு நிமிஷம் கழித்து இரண்டாவது மடக்கு. இப்போதுதான் நாக்கு நிதானமாக இருக்கும். முன்னால் ஒரு இனிப்பு, நடுவில் திராட்சைத் தோலின் துவர்ப்பு, கடைசியில் மிளகும் பட்டையும் சேர்ந்த ஒரு காரம். இளம் கொன்யாக்கில் இந்தக் காரம் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். பழசில் அது நிமிஷக் கணக்கில் நின்று விளையாடும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த நிற்கிற நேரத்துக்குத்தான்.

இன்னும் சுடுகிறதா? தண்ணீர் சேருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கொன்யாக்கில் தண்ணீர் கலந்து குடிப்பது பிரெஞ்சுக் காபிக் கடைகளில் ஒரு காலத்தில் அன்றாட வழக்கம், 'ஃபீன் ஆ லோ' என்று தனிப் பெயரே உண்டு. கணக்கு எளிது. 30 மில்லியில் சாராயம் 12 மில்லி. ஒரு டீஸ்பூன், 5 மில்லி தண்ணீர் விட்டால் 34 சதவீதத்துக்கு இறங்கும். இரண்டு டீஸ்பூன் விட்டால் சரியாக 30. முதல் ஸ்பூனிலேயே பூ மணம் பளிச்சென்று வருவதைக் கவனிக்கலாம். இரண்டாவது ஸ்பூனில் காரம் அடங்கும், கூடவே சுவையின் கனமும் கொஞ்சம் குறையும். ஹெனசி விஎஸ்ஸுக்கு என் கை ஒரு ஸ்பூனோடு நிற்கும்.

குடித்து முடித்த கிளாஸை அன்றிரவு கழுவாமல் வையுங்கள். காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாராயம் பறந்துபோய், மரமும் வனிலாவும் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு கொன்யாக்கில் ஓக் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. சேர்த்த இனிப்பு அதிகம் என்றால் கிளாஸ் விரலில் பிசுபிசுக்கும்.

காக்டெயிலுக்கு ஆகுமா என்று கேட்டீர்கள். காக்டெயிலுக்கென்றே பிறந்தது என்பேன். இளசில் இருக்கிற பழமும் காரமும் எலுமிச்சைக்கு எதிரே நின்று பேசும். எக்ஸ்ஓ-வை எலுமிச்சைச் சாற்றில் ஊற்றினால், நீங்கள் காசு கொடுத்த அந்த மெல்லிய வாசனைகள் ஒன்றுகூட மிஞ்சாது. ஃபெராண்ட் என்ற வீடு தன் 1840 என்ற கொன்யாக்கைக் காக்டெயில் சரித்திரம் எழுதுகிற டேவிட் வோண்ட்ரிச்சோடு சேர்ந்து உருவாக்கியபோது, வயசைக் கூட்டவில்லை. சாராய அளவை 45 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். பனிக்கட்டியும் சாறும் சேர்ந்த பிறகும் கொன்யாக் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

முதலில் சைட்கார். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும். 1922-லேயே இதன் செய்முறை அச்சில் வந்துவிட்டது. பாரிஸ்காரர்கள் எங்களுடையது என்பார்கள், ஆனால் அந்தக் காலத்து பார்மேன்களே லண்டன் பக்ஸ் கிளப்பின் மெக்கேரி என்பவர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது கொன்யாக், குவாந்த்ரோ என்கிற இனிப்பான ஆரஞ்சு மது, எலுமிச்சைச் சாறு மூன்றும் சம அளவு. அப்படிச் செய்து பாருங்கள், முகம் கோணிப்போகும். இன்றைக்கு பார்களில் நடைமுறை கொன்யாக் 50 மில்லி, குவாந்த்ரோ 20, சாறு 20.

இங்கே சென்னைக்காரர் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே எலுமிச்சை என்பது மஞ்சளாக, தோல் தடித்த, சாறு சற்றுச் சாதுவான பெரிய காய். நம்மூர்ச் சந்தையில் கிடைக்கிற சின்ன எலுமிச்சை வேறு சாதி. புளிப்பும் கூடுதல், தோலில் ஒரு கசப்பும் உண்டு. அதனால் நம் எலுமிச்சை என்றால் 15 மில்லியில் ஆரம்பியுங்கள், குவாந்த்ரோ 25 போடுங்கள். பழத்தைக் கசக்கிப் பிழிய வேண்டாம், தோலின் கசப்பு இறங்கிவிடும். குவாந்த்ரோவுக்குப் பதில் வேறு ட்ரிபிள் செக் (இந்த வகை ஆரஞ்சு மதுவின் பொதுப்பெயர்) வாங்கினால் 40 சதவீதம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். 20 சதவீத வகைகள் வெறும் ஆரஞ்சு மிட்டாய்ப் பாகு, சைட்காரைக் கெடுத்துவிடும்.

ஷேக்கர் இல்லையென்றால் இறுக மூடுகிற ஊறுகாய் பாட்டில் போதும், ஊறுகாய் வாசனை போயிருந்தால் சரி. பெரிய பனிக்கட்டிகளாக நிறையப் போட்டு 12 விநாடி பலமாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்த்து, கை தாங்காத அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் நிறுத்தலாம். உருகி நனைந்த கட்டியைப் போட்டால் தண்ணீர்தான் மிஞ்சும். வடிகட்டி, குளிரவைத்த கிளாஸில் ஊற்றுங்கள். விளிம்பில் சர்க்கரை ஒட்டுவது உங்கள் இஷ்டம். நான் பாதி விளிம்புக்குத்தான் ஒட்டுவேன், வேண்டாம் என்று தோன்றினால் மறுபக்கம் குடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: சைட்கார் எலுமிச்சை ஜூஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும். கொன்யாக் 50, குவாந்த்ரோ 20, இரண்டுமே 40 சதவீதம். ஆக ஒரு கிளாஸில் 70 மில்லி சரக்கு, ஒரு லார்ஜுக்கும் மேலே. மூன்றாவதைக் கலக்குமுன் இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

கலக்கிக் குலுக்கச் சோம்பலாக இருக்கிற நாளுக்கு ஹார்சஸ் நெக். உயரக் கிளாஸில் பனிக்கட்டி நிரப்பி, கொன்யாக் 40 மில்லி, ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சி சோடா 120, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு ஓரிரு உதறல். எலுமிச்சைத் தோலை ஒரே நீள நாடாவாகச் சீவி கிளாஸுக்குள் சுருட்டி விடுவார்கள், குதிரைக் கழுத்து என்று பெயர் வந்தது அதனால்தான். நம்மூர்ச் சின்ன எலுமிச்சையில் அந்த நீளம் வராது, ஆரஞ்சில் சீவிக்கொள்ளுங்கள். இஞ்சியும் கொன்யாக்கும் சேருகிற பொருத்தத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. ஷரான்ட் பக்கம் சாப்பாட்டுக்கு முன் டானிக் வாட்டர் ஊற்றிக் கொடுப்பார்கள், கொன்யாக் 40-க்கு டானிக் 100, ஒரு ஆரஞ்சுத் தோல். வெயில் காலத்துக்கு அதுவும் நல்ல வழி.

கோக் ஊற்றினால் பாவம் ஒன்றுமில்லை. உலகம் முழுக்க ஊற்றுகிறார்கள். ஆனால் கோக்கின் வனிலா இதன் வனிலாவை விழுங்கிவிடும், உங்களுக்குக் கொன்யாக்கும் ரம்மும் ஒன்றாகிவிடும். ஊற்றத்தான் வேண்டுமென்றால் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

சசராக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நியூ ஆர்லியன்ஸின் பானம், 2008-ல் லூசியானா சட்டமன்றம் அதை அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ காக்டெயில் என்றே அறிவித்துவிட்டது. சசராக் என்பதே ஒரு கொன்யாக் வீட்டின் பெயர்தான். அப்புறம் திராட்சைக் கொடியை அழிக்கிற ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வந்தது. 1870-களில் ஷரான்டில் சுமார் 2,80,000 ஹெக்டேர் கொடி இருந்தது. 1893-ல் மிஞ்சியது 40,000 சொச்சம். கொன்யாக் கிடைக்காமல் போகவே அமெரிக்காவின் ரை விஸ்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். திரும்பக் கொன்யாக்கில் செய்து பாருங்கள். ஒரு சர்க்கரைக் கட்டியைப் பேஷோ பிட்டர்ஸ் இரண்டு உதறலில் நனைத்து நசுக்கி, கொன்யாக் 50 மில்லியும் பனிக்கட்டியும் போட்டு ஸ்பூனால் அரை நிமிஷம் கலக்குங்கள். இதைக் குலுக்கக் கூடாது. சாறு இருந்தால் குலுக்கு, வெறும் சரக்கு என்றால் கலக்கு, இதுதான் பார் பாடம். இன்னொரு கிளாஸை ஆப்சிந்தால் (சோம்பு மணமுள்ள கடுமையான மது) அலசிக் கொட்டிவிட்டு, அதில் வடித்து ஊற்றுங்கள். பேஷோவும் ஆப்சிந்தும் கிடைக்காவிட்டால் இதை விட்டுவிடுங்கள். அங்கஸ்டுராவையும் சோம்புத் தண்ணீரையும் வைத்துச் செய்வது வேறு ஏதோ, சசராக் இல்லை.

அதைவிட எளிதும், எனக்கு அதைவிடப் பிடித்ததும் ஒன்று உண்டு. 1862-லேயே அமெரிக்காவில் அச்சேறியது, பெயர் ஜாப்பனீஸ் காக்டெயில், ஜப்பான் சரக்கு ஒன்றும் அதில் கிடையாது. கொன்யாக் 60, ஓர்ஷா என்கிற பாதாம் சிரப் 15, பிட்டர்ஸ் இரண்டு உதறல். கலக்கி, எலுமிச்சைத் தோலைப் பிழிந்து விட வேண்டியதுதான். விஎஸ்ஸுக்குள்ளேயே ஒரு பாதாம் வாசனை இருக்கிறது என்றேனே, அதை ஓர்ஷா வெளியே இழுத்து வந்து உட்கார வைக்கும். கடையில் குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டு விற்கிற பாதாம் சிரப்பை ஊற்றாதீர்கள், ஏலக்காய் மற்றதையெல்லாம் அடித்துப்போடும். பாதாமை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அதே எடைக்குச் சர்க்கரை கரைத்தால் வீட்டிலேயே ஆகிவிடும்.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும். இரண்டு வருஷம் பூட்டி வைத்தால் விஎஸ் தானாக விஎஸ்ஓபி ஆகிவிடும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பீப்பாயை விட்டு இறங்கியதும் அதன் வயசு நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் கிடந்து முதிர்வதற்கு ஒன்றுமில்லை. பாதி காலியான பாட்டிலில் காற்றுதான் நிறைய இருக்கும், நாளாக நாளாக மணம் மங்கும். அரை பாட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாசத்துக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

விஎஸ்ஓபி வாங்கியிருக்க வேண்டுமோ என்றீர்கள். தண்ணீர்கூடச் சேர்க்காமல் ராவாகவே குடிக்கப் போகிறவர் என்றால் ஆமாம், அந்தக் கூடுதல் 2 வருஷம் நாக்குக்குத் தெரியும். சைட்காருக்கும் ஹார்சஸ் நெக்குக்கும் என்றால் வேண்டியதில்லை. மிச்சமான காசில் குவாந்த்ரோவையும் ஒரு பாட்டில் அங்கஸ்டுராவையும் வாங்கிப் போடுங்கள். உங்கள் ஒரு லிட்டரில் 20 சைட்கார் வரும். குவாந்த்ரோ 700 மில்லி பாட்டில் ஒன்று அந்த இருபதுக்கும் தாங்கி, கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.